அரட்டை அறைக்குள் ஓர் இயந்திரம்: எலிசா முதல் டிஸ்கார்ட் பாட் வரை

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஓர் அரட்டைக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் அடிக்கடி வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு. இந்த மாதம் பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை? நீலகிரி மாவட்டத்துக்கான விலையை மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. குழுவை நடத்துபவர் ஒரே பதிலை ஐம்பது பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், பதில் சொல்ல ஒரு சாட்பாட்டை வைத்துவிட்டால் என்ன என்று நினைக்கிறார். இன்றைக்கு அது ஒரு மதிய நேரத்து வேலை. காசும் அதிகம் ஆகாது.

ஆனால் இந்த ஒரு மதிய நேரத்து வேலைக்குப் பின்னால் அறுபது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இரண்டு. பாட் பேச வேண்டியதை எழுதிக்கொடுப்பது யார்? அது தப்பாகப் பேசினால் யார் தலையில் விடியும்?

கதை அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஜோசப் வைஸன்பாம் என்ற கணினிப் பேராசிரியர் (ஜெர்மனியில் பிறந்த யூதர், சிறுவயதில் 1936இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர்) 1964 முதல் 1966 வரை எலிசா என்ற நிரலை எழுதினார். பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் நாடகத்தில் பூ விற்கும் பெண் ஒருத்திக்கு மேட்டுக்குடி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்களே, அந்த எலிசாவின் பெயர்தான். தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு முனையத்தில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால், எலிசா ஒரு வரி பதில் அடிக்கும்.

எலிசா செய்தது ரொம்ப எளிமையான தந்திரம். வந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். 'அம்மா' என்று இருந்தால் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லச் சொல்லும். 'என்னுடைய' என்று இருந்தால் அதை 'உங்களுடைய' என்று மாற்றி, உங்கள் வாக்கியத்தையே உங்களிடம் கேள்வியாகத் திருப்பிப் போடும். ஒன்றுமே பிடிபடாவிட்டால் 'மேலே சொல்லுங்கள்' என்கிற மாதிரி ஒரு பொது வாக்கியம். மனநல மருத்துவர் மாதிரி பேச வைத்ததால் இது எடுபட்டது. மருத்துவர் எதுவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே!

பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. எலிசா என்ற நிரலுக்குள் இந்த மருத்துவர் கிடையாது. மருத்துவர் தனி. அது 'டாக்டர்' என்ற பெயரில் தனியாக எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட். எந்தச் சொல்லைக் கண்டால் என்ன பதில் என்ற பட்டியல், அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் அதே எலிசா வேறு ஆளாகிவிடும். இன்றைக்கு 'உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது 1966லேயே இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் வெளிவந்த கட்டுரையில் வைஸன்பாம் இன்னொன்றும் சொல்கிறார். எலிசா எந்த மொழிக்கும் கட்டுப்பட்டதல்ல, ஆங்கிலம் தவிர ஜெர்மன் மொழியிலும் வெல்ஷ் மொழியிலும் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன என்று. வெல்ஷ், பிரிட்டனில் வேல்ஸ் பகுதி மக்களின் மொழி. அவர்களிலேயே சிறுபான்மையோர்தான் அன்று அதைப் பேசினார்கள். அப்படிப்பட்ட மொழிக்கும் பாட் வந்துவிட்டது, ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்டது மொழி தெரிந்த ஓர் ஆளும் சில நாள் பொறுமையும்தான்.

வைஸன்பாமைக் கலங்கடித்தது வேறு. அந்த நிரல் எப்படி உருவானது என்று பக்கத்திலிருந்தே பார்த்து வந்த அவருடைய செயலாளர், சில வரிகள் பேசியதும் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டாராம். தனியாகப் பேச வேண்டுமாம்! 1976இல் அவர் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்கிறார். அதன் பிறகு 2008இல் இறக்கும் வரை, இயந்திரத்திடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காலத்தில் யாராவது தமிழில் ஒரு ஸ்கிரிப்ட் எழுத நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் திண்டாடியிருப்பார்கள். ஆங்கிலத்தில் 'என்' என்பதை 'உன்' என்று மாற்றினால் பாதி வேலை முடிந்தது. தமிழில் 'நான் ஊட்டிக்குப் போகிறேன்' என்பதைத் திருப்பிப் போட 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கினால் போதாது, 'போகிறேன்' என்பதும் 'போகிறீர்கள்' ஆக வேண்டும். ஆள் யார் என்பது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் 'நான்' என்று சொல்லவே மாட்டோம், 'ஊட்டிக்குப் போறேன்' என்றால் முடிந்தது. போதாததற்கு நீயா, நீங்களா என்ற பிரச்சினை வேறு. இயந்திரம் ஒரு பெரியவரை 'நீ' என்று கூப்பிட்டால் அந்த அரட்டை அங்கேயே முடிந்துவிடும்.

எழுத்துக் குறியீடு இன்னொரு தலைவலி. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது என்றாலும், பல வருடங்களுக்கு இணையத்தில் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு ஓடியது. ஒரு குறியீட்டில் அடித்த 'அம்மா' இன்னொன்றில் வெறும் கிறுக்கல். சொல்லைப் பார்த்துப் பதில் சொல்லும் பாட்டுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான்.

சரி, அரட்டை அறைக்கு வருவோம். எலிசா ஓர் அறையில் ஒருவரோடு பேசியது. பலர் கூடிப் பேசும் இடத்துக்குள் இயந்திரம் நுழைந்தது பிற்பாடு. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உருவாக்கினார். அதில் சானல் என்று அறைகள் இருக்கும். அறையில் இருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு ஆபரேட்டர் அதிகாரம், அதாவது தொல்லை கொடுப்பவரை வெளியே தள்ளும் உரிமை இருக்கும். சர்வர்களுக்கு இடையே இணைப்பு அறுந்துபோனால் அறை இரண்டாகப் பிளக்கும். அந்த நேரம் பார்த்து, ஆளில்லாத பக்கத்தில் நுழைகிறவருக்கு அதிகாரம் தானாகக் கிடைத்துவிடும். இணைப்பு திரும்பியதும் அவர் உள்ளே வந்து பழைய ஆட்களைத் துரத்திவிட்டு அறையையே பிடித்துக்கொள்வார். காலி மனையில் கொட்டகை போடுகிற கதைதான்.

இதைத் தடுக்கத்தான் பாட்கள் வந்தன. 1993 டிசம்பரில் ராபி பாயிண்டர் எழுதிய எக்டிராப் அதில் மிகவும் பிரபலமானது, இன்றும் பராமரிக்கப்படுகிறது. அது அழகாகப் பேசுவதற்காக வைக்கப்பட்டதல்ல, காவலுக்கு. எல்லோரும் தூங்கும்போது விழித்திருந்து, அறிமுகமானவர் வந்தால் அதிகாரம் கொடுத்து, தொல்லை கொடுப்பவரைத் தள்ளிவிடும். டிக்கிள் என்ற மொழியில் எழுதி அதற்குப் புதுப்புது வேலைகள் கற்றுக்கொடுக்கலாம். அதன் அமைப்புக் கோப்பில் ஒரு குறும்பு உண்டு. கோப்பை முழுதாகப் படிக்காமல் ஓட்டினால் பாட் உடனே செத்துவிடும்படி ஒரு வரியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். படித்து, அந்த வரியை நீக்கினால்தான் ஓடும். இப்படி ஒரு வரி இன்றைய பாட்களிலும் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

நடுவில் வந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். 1995இல் ரிச்சர்ட் வாலஸ் தொடங்கிய ஆலிஸ், எலிசாவின் ஸ்கிரிப்ட் முறையையே பெரிதாக்கி, யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கும்படி ஏ.ஐ.எம்.எல். என்ற எழுத்து முறையைக் கொடுத்தது. 2000, 2001, 2004 ஆண்டுகளில் லோப்னர் பரிசு வாங்கியது. 2001இல் ஆக்டிவ்பட்டி நிறுவனத்தின் ஸ்மார்ட்டர்சைல்ட் உடனடிச் செய்திச் சேவைகளில் நண்பர் பட்டியலிலேயே உட்கார்ந்து வானிலையும் விளையாட்டு முடிவும் சொன்னது. அந்த நிறுவனத்தை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதே மைக்ரோசாஃப்ட் 2016 மார்ச் 23 அன்று ட்விட்டரில் டே என்ற பாட்டை விட்டது. பேசுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் என்றார்கள். நன்றாகவே கற்றுக்கொண்டது! ஒரு நாள் முடிவதற்குள் இனவெறி வசனங்கள் பேச ஆரம்பித்ததால் இழுத்து மூடினார்கள். ஸ்கிரிப்டை எழுதும் உரிமையை வழிப்போக்கர்களிடம் விட்டால் இதுதான் நடக்கும்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. 2023 மார்ச் 1 அன்று அதன் மாதிரியை மற்றவர்களும் தங்கள் நிரல்களில் பயன்படுத்தக் கட்டணச் சேவையாகத் திறந்துவிட்டார்கள். அதில் 'சிஸ்டம்' என்று ஓர் இடம் இருந்தது. நீ யார், எப்படிப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று சாதாரண வாக்கியங்களில் அங்கே எழுதலாம். தமிழிலும் எழுதலாம். டாக்டர் ஸ்கிரிப்ட்தான், ஆனால் சொல்லுக்குச் சொல் பட்டியல் போட வேண்டியதில்லை. 'போறேன்', 'போகிறேன்' தொல்லையும் பெருமளவு ஒழிந்தது.

2015இல் விளையாட்டுக்காரர்களுக்காகத் தொடங்கிய டிஸ்கார்ட் தளம் இதற்குப் பொருத்தமான இடமாக அமைந்தது. அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் 'சர்வர்' என்று பெயர். பாட் வைக்கும் முறை சிக்கலானதல்ல. டெவலப்பர் பக்கத்தில் ஒரு செயலியைப் பதிந்தால் ஒரு டோக்கன் தருவார்கள். அது கடவுச்சொல் மாதிரி, வெளியே தெரிந்தால் வேறொருவர் உங்கள் பாட்டின் வாயால் பேசுவார். பிறகு அதற்கு என்னென்ன அனுமதி என்று தேர்ந்தெடுத்து, அழைப்பு இணைப்பு வழியாகச் சர்வருக்குள் கொண்டுவர வேண்டும். எல்லா அனுமதியையும் டிக் செய்துவிடுகிறவர்கள் நிறைய. செய்தி படித்துப் பதில் எழுதும் பாட்டுக்கு ஆட்களைத் தடை செய்யும் அதிகாரம் எதற்கு? கடைசியாக, சர்வரில் வரும் கேள்வியை எடுத்து சிஸ்டம் குறிப்போடு சேர்த்து மாதிரிக்கு அனுப்பி, வரும் பதிலைத் திரும்பப் போட ஒரு சிறு நிரல். டிஸ்கார்ட் நிறுவனமே 2023 மார்ச்சில் கிளைட் என்ற தன் பாட்டை இப்படி அறிமுகம் செய்து, அதே வருடம் டிசம்பர் 1 அன்று நிறுத்தியும் விட்டது.

செலவுக் கணக்கில் தமிழுக்கு ஒரு தனி வரி விதிக்கப்பட்டிருந்தது என்றே சொல்லலாம். மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும். அந்தத் துண்டுக்கும் டோக்கன் என்றே பெயர் (மேலே சொன்ன கடவுச்சொல் டோக்கன் வேறு, இது வேறு). கட்டணம் துண்டுக்கு இவ்வளவு என்றுதான். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது அதுவே ஓர் ஒப்பீடு கொடுத்தது. ஒரே அறிமுக வாசகம் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. ஆக, அதுவரை ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டவர் நான்கு மடங்குக்கு மேல் துண்டுக்காசு கொடுத்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. பாட்டுக்குத் தானாக ஞாபகம் கிடையாது. முந்தைய பேச்சை ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்பினால்தான் தொடர்ச்சி வரும், அதற்கும் காசு.

பணம் போகட்டும். பதில் சரியாக இருக்குமா? இங்கேதான் நீலகிரி நல்ல பரீட்சைக் கூடம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். சாட்ஜிபிடி முதலில் வந்தபோது அதற்கு 2021 செப்டம்பர் வரையிலான தகவல்தான் தெரியும். அதில் இந்த இ-பாஸ் இல்லை. ஆனால் வேறொரு இ-பாஸ் இருக்கிறது! கொரோனா காலத்தில் 2020இல் ஊட்டிக்குப் போகக் கேட்ட இ-பாஸ். ஒரே பெயர், வேறு காரணம், வேறு விதிமுறை. குன்னூரில் விடுதி நடத்தும் ஒருவர் அப்படிப்பட்ட மாதிரியை ஒரு குறிப்பும் கொடுக்காமல் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வைத்தால், அது தயங்காமல் பழைய இ-பாஸைப் பற்றிச் சரளமாகப் பேசும். பயணி சோதனைச் சாவடியில் நிற்பார். எலிசாவுக்குத் தெரியாவிட்டால் 'மேலே சொல்லுங்கள்' என்று நழுவும். இதுவோ பதில் சொல்லிவிடும்.

இதற்கு நீதிமன்றம் போன கதை கனடாவில் நடந்தது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருந்த சாட்பாட், குடும்பத்தில் ஒரு மரணத்துக்காகப் பயணம் செய்தவரிடம், டிக்கெட் வாங்கிய பிறகும் 90 நாட்களுக்குள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறு. பணம் கேட்டபோது நிறுவனம் வைத்த வாதத்தின் சாரம், சாட்பாட் தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்பது! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் இதை ஏற்காமல், இழப்பீடு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812.02 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் விஷயம் பெரியது.

பி.காம். முதல் வருடத்தில் வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு இந்த வாதம் ஏன் நிற்கவில்லை என்று சட்டென்று விளங்கும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182ஆம் பிரிவு, முகவர் என்பவர் இன்னொருவருக்காகச் செயல்பட நியமிக்கப்பட்ட ஒரு 'நபர்' என்கிறது. பாட் நபர் அல்ல. முகவராகவே ஆக முடியாதது முதலாளியிடமிருந்து தனியாகப் பொறுப்பேற்பது எப்படி? கடை வாசலில் தப்பான விலைப் பலகை தொங்கினால், பலகை மீதா வழக்குப் போடுவார்கள்?

ஆகவே கோத்தகிரி குழுவின் தேயிலை விலைக் கேள்விக்கு வரும்போது, சிஸ்டம் குறிப்பில் 'நட்பாகப் பேசு' என்று எழுதுவது கடைசி வேலை. முதல் வேலை, வாரியம் விலை அறிவிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணை மாதப் பெயரோடு பாட் படிக்கும் கோப்பில் ஒருவர் மாற்ற வேண்டும், கோப்பில் இல்லாத மாதத்தைக் கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல வைக்க வேண்டும். விவசாயி அந்த எண்ணை வைத்துத்தான் ஃபேக்டரியில் பேசுகிறார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் தப்பென்றால், மாதம் 1,000 கிலோ போடுகிறவருக்கு 2,000 ரூபாய் தப்பு. அரசு தரப்பில் 2023 செப்டம்பரில் வந்த கிசான் இ-மித்ரா பாட், தொடக்கத்திலேயே தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் பேசியது. ஆனால் அது எடுத்துக்கொண்டது பி.எம். கிசான் திட்டம் ஒன்றை மட்டும். அந்த எல்லைக் கோடு புத்திசாலித்தனமானது.

மொழி விஷயத்தில் மட்டும் காலம் பின்னோக்கிப் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. நீலகிரியில் தமிழ் தவிர படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் மொழிகள் இருக்கின்றன. தோடர் மொழியைப் பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்கூட இல்லை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த மொழியியலாளர் எம். பி. எமனோ, இந்த மலையில் கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் கேட்டு எழுதிக்கொண்டு போய்ப் பிறகு பெரிய பெரிய நூல்களாக வெளியிட்டார். அறிஞர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் இன்றைய மாதிரிகளுக்குத் தேவை கோடிக்கணக்கான சொற்கள். ஒரு தோடர் பெண் அவர் மொழியில் பாட் வைக்க நினைத்தால், சிஸ்டம் குறிப்பில் எவ்வளவு விளக்கினாலும் மாதிரிக்குள் அந்த மொழி போதுமான அளவு இல்லை. தெரிந்த மாதிரி ஏதாவது கலந்து பேசும்.

எலிசா மாதிரி, அவரே உட்கார்ந்து இருநூறு வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் அது இன்றும் வேலை செய்யும். ஆஸ்பத்திரி நேரம், பஸ் நேரம், ரேஷன் கடை நாள் என்று அவர் எழுதிய இருநூறையும் அவர் மொழியிலேயே சொல்லும், இருநூற்றியொன்றாவதைக் கேட்டால் தெரியாது என்று சொல்லும். அதை ஓட்ட ஒரு பழைய கணினி போதும்.